நின்றபடி பேசும் கூட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆறு பேரும் வட்டமாக நின்றார்கள்.

உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். அதனால் அந்தக் கூட்டம் தினமும் நின்றபடிதான். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எது தடை. மூன்றே கேள்வி, பதினைந்து நிமிடம், கலைந்துவிட வேண்டும்.

இன்று பேச ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

சனிக்கிழமை நகரியில், ஒரு விசைத்தறிக் கொட்டகையில், மனோரமா என்கிற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அந்தத் தறியை ஓட்டி நிறுத்தும் பெட்டி இந்தத் திருப்பதி ஆபீசில் செய்தது. பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் ஹேமநாத் எழுதியது. தறிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டை தேவசேனா எழுதியது. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ்.

நூல் அறுந்தால் மஞ்சள் பொத்தானை ஒருமுறை அழுத்தவும். தறி நின்றதும் கையை உள்ளே விட்டு முடிச்சுப் போடவும் என்றது அட்டை.

மனோரமா அப்படியேதான் செய்தாள். பாவம், ஒரு எழுத்து பிசகவில்லை.

பெட்டிதான் மாறியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு ஆட்கள் டீக்குப் போய்விடுகிறார்கள், தறி சும்மா நிற்கிறது என்று முதலாளிகள் நச்சரித்தார்கள். அதனால் இனி ஒருமுறை அழுத்தினால் நாற்பது விநாடிதான் நிற்கும், பிறகு தானாக ஓடும். அடியோடு நிறுத்த இரண்டு முறை அழுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேமநாத் அதை மாற்றி அனுப்பினான். விடிவதற்குள் எல்லாத் தறிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அட்டைக்குப் போகவில்லை.

தேவசேனா ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மேஸ்திரிகளின் வாட்ஸ்அப்புக்கு அது அப்போதே போயிருக்கும்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்புவரை அவள் பாடு கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை எழுதுகிறவள் பாடாகத்தான் இருந்தது. பொத்தான் மாறும், திரை மாறும், கடைசியில் வந்து, அக்கா கொஞ்சம் அழகா எழுதிக் குடுங்க என்பார்கள். டீக்கடையில் ஒருத்தன் பாதி சொல்வான், லிஃப்டில் ஒருத்தி மீதி சொல்வாள். தப்பாகிவிட்டால் மட்டும் தப்பு அவளுடையது.

ஒருநாள் இதே வட்டத்தில் நின்று சண்டை போட்டாள். டிக்கெட் போட்டால்தான் எழுதுவேன் என்றாள். டிக்கெட் என்றால், இன்னது மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கிற சீட்டு. வாயால் சொன்னது சொன்னதல்ல. அவள் கையெழுத்திடாமல் எந்த வேலையும் 'முடிந்தது' என்ற கட்டத்துக்குப் போகக் கூடாது. டெஸ்டிங் பார்க்கும் கௌசிகா அன்று கைதட்டியே விட்டாள்.

கூட்டத்தை நடத்தும் சிவசங்கரன் சித்தூர்க்காரர். தமிழில் ஆரம்பித்தால் தெலுங்கில்தான் முடிப்பார். இன்று முழுக்கத் தமிழிலேயே பேசினார். அதுவே பயமாக இருந்தது.

"அக்கா மூணு மாசமா தொண்டை கிழிய சொல்லிக்கினு இருந்தாங்க, டிக்கெட் போடு, டிக்கெட் போடுன்னு. சின்ன வேலைன்னு நீயா அனுப்பிட்ட. யார் கையோட நைனா விளையாடின நீ?"

ஹேமநாத் தலையைக் குனிந்துகொண்டான். சத்தியவேட்டுப் பையன், வேலைக்கு வந்து ஏழு மாதம். அவனைப் பதினோரு மணிக்கு மேல்மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை.

கௌசிகா நகர்ந்து வந்து தேவசேனாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க அக்கா, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல என்று காதோரம் சொன்னாள்.

முறை சுற்றி வந்து தேவசேனாவிடம் நின்றது. எப்போதும் அவள்தான் கடைசி.

சிவசங்கரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேலே எழுதி அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். பொத்தான் மாறியது அவளுக்கு எப்போது தெரியும்?

அப்போதுதான் ஹேமநாத் நிமிர்ந்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. வகுப்பில் விடை தெரிந்தவளைப் பார்ப்பது போல, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை," என்றாள் தேவசேனா. "உங்களுக்கெல்லாம் தெரிஞ்சப்போதான்."

அவன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. வட்டம் கலைந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு அவன் மூச்சிரைக்க மூன்று மாடி இறங்கி ஓடிவந்திருந்தான். வாசற்படியிலேயே அவளை மறித்து எல்லாவற்றையும் சொன்னான். ஒருமுறைக்கு நாற்பது விநாடி, இரண்டு முறைக்கு முழு நிறுத்தம். ஒரே ஒரு லைன் அக்கா, இன்னைக்கே போட்டா நல்லது என்றான். அவளுக்கு உடனே புரிந்தது. உள்ளே கை இருந்தால் என்ன ஆகும் என்பதுகூட.

டிக்கெட் போடு, திங்கக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

புத்தூர் பஸ்ஸில் அன்றைக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.