கண்ணுக்குக் குளிர்ச்சி

ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அவள் திறந்துவிட்டாள்.

சாயங்கால வெயில் இறங்கியிருந்தது. மல்லிகை மொட்டுகள் வாய் திறக்கும் நேரம். வாசம் அப்படியே அறைக்குள் வந்தது.

கட்டிலில் கிடந்த கணவர் கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தார்.

வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரு தடவை மூடினால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் வேண்டாம். பக்கவாதத்தில் வாயும் கையும் காலும் போன பிறகு, மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது.

வீட்டுக்கு வந்து எட்டு மாதம். அவள் அவரிடம் ஒன்றுமே கேட்டதில்லை. கேட்காதவளுக்கு எதற்குப் பதில்?

"பங்குனி பொறந்தாச்சு. நல்லா மோந்து பாருங்க" என்றாள்.

அவருக்கு மல்லிகை ஆகாது. வாசம் பட்டால் ஒற்றைத் தலைவலி. நடிப்பெல்லாம் இல்லை, நிஜமான வலி. சுவரில் போய் முட்டிக்கொள்வார்.

அதனால் முப்பத்தொரு வருடம் அவள் தலையில் பூ இல்லை.

கோயிலில் குங்குமம் கொடுக்கும் பெண்களின் கை அவள் முன்னால் வந்ததும் தயங்கும். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நீளும். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

தங்கை கல்யாணத்தில் மட்டும் ஆசைப்பட்டு ஒரு முழம் வைத்தாள்.

பந்தி நடுவில் அவர் அதைப் பிடித்து இழுத்தார். பூவோடு முடியும் வந்தது. எச்சில் இலையில் போட்டார். வலி எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

தெரிந்தது.

அவர் படுத்த மறுவாரமே ஜன்னலுக்குக் கீழே மூன்று மல்லிகைச் செடி வைத்தாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். தை மாதம் கிளை வெட்டி, இலை உருவி, கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். பக்கத்தில் கனகாம்பரம், வேலியோரம் செம்பருத்தி, குழாயடியில் நந்தியாவட்டை. காலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து காபி குடிப்பாள். அணில் வரும். தேன்சிட்டு வரும்.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

எதிர் வீட்டு சகாயமேரி எட்டிப் பார்த்து, பூவுக்கு நடுவுல படுக்க வச்சிருக்கீங்களே, அண்ணன் குடுத்து வச்சவரு என்று சொன்னாள்.

அண்ணன் கண்ணை இரண்டு தடவை மூடினார். தூக்கம் வருகிறது போல என்று சகாயமேரி கிளம்பிவிட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. மகள் அரசி. நாக்பூரில் வேலை. ஆபீஸ் விஷயமாக மதுரை வந்தவள், விமானத்துக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தாள். காரை அனுப்பவில்லை. அரை மணி நேரம்தான்.

அறைக்குள் வந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பாவுக்கு மல்லி ஆகாதேம்மா?"

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது ஒன்றும் தெரிவதில்லை என்று அவள் சொன்னாள்.

அரசி அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"அப்பா கண்ணால பேசுவாராமே. நர்ஸ்கிட்ட போன்ல பேசினேன். நீ சொல்லவே இல்ல. இரு, முகம் கழுவிட்டு வந்து அவர்கிட்டயே கேக்கறேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஒரு கேள்வி. ஒரு பதில். ஜன்னல் சாத்தப்படும். செடிகளைக்கூடப் பிடுங்கச் சொல்வாள்.

குழாயடிக்குப் போனாள். நந்தியாவட்டையில் இரண்டு பூ பறித்துத் தண்ணீரில் நனைத்தாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

கை வருவதை அவர் பார்த்தார்.

கண்ணை இரண்டு தடவை மூடினார்.

மறுபடியும் இரண்டு தடவை.

அடுத்து மூடியபோது பூவை வைத்தாள். அதன் மேல் ஈரத்துணியை மெல்லிசாகக் கட்டினாள்.

துடைத்த முகத்தோடு வந்த அரசி அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் கலங்கியது. சின்ன வயதில் மெட்ராஸ் ஐ வந்தபோது தனக்கும் அம்மா இப்படித்தான் வைத்தாள் என்று சொன்னாள்.

"ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது. கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றாள் அவள்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"தலை வலிக்குதாப்பா?"

துணி அசைந்தது.

ஒரே ஒரு தடவை.

அரசி நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காற்றில்தான் துணி ஆடுகிறது என்று போய் அதை நிறுத்தினாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

போவதற்குள் தலையில் கொஞ்சம் பூ வைத்துவிடச் சொல்லி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலடியில் உட்கார்ந்தாள். மத்தியானம் கட்டி வைத்த சரம் இருந்தது. அவள் மகளின் பின்னலைத் தூக்கி, ஹேர்பின்னைப் பல்லால் பிரித்துச் செருகினாள்.

காற்றே இல்லை.

துணி இன்னொரு தடவை அசைந்தது.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சரத்தைச் சரி செய்தாள்.

மகளுக்கு வைத்தது போக ஒரு முழம் மிச்சம் இருந்தது.

அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மகளை வழியனுப்ப வாசலுக்குப் போனாள்.