விழுந்தவனின் கை

இந்தக் காசிலும் கை மேலேதான் இருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

புளியங்கொட்டை அளவுச் செப்புக்காசு. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு மேல் பழைய ரோமாபுரிக் காசு. மன்னார்ப் பக்கம் யாரோ கிணறு வெட்டப்போய்ப் பானையோடு கிடைத்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

முன்பக்கம் அரசன். பின்பக்கம் போர்.

தலைக்கவசம் போட்ட சிப்பாய் நின்றபடி ஈட்டியால் குத்துகிறான். கீழே குதிரை மடிந்து கிடக்கிறது. அதிலிருந்து விழுந்தவனுக்குத் தாடி, கூம்புத் தொப்பி. அவன் எந்த ஊர், என்ன பெயர் என்று காசில் இல்லை. புத்தகங்கள் அவனைக் காட்டுமிராண்டி என்கின்றன. தோற்றவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்!

சுற்றிவர எழுத்து. நல்ல காலம் திரும்பிவிட்டது என்று அர்த்தமாம்.

குத்துப்படுகிறவனைச் சுற்றி இப்படி எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். முதல்நாள் இதைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுவதற்கு அவளிடம் அப்போது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

மேசையில் மூன்று தட்டுகள்.

ஒன்று, சிப்பாயைப் பார்த்துக் கை தூக்கியவன்.

இரண்டு, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டவன்.

மூன்று, தேய்ந்துபோய் எதுவும் தெரியாதது.

இந்தக் காசை எங்கும் இப்படித்தான் வகை பிரிக்கிறார்களாம். விழுந்தவனின் கையை வைத்து. சிப்பாயைப் பார்த்துப் பயனில்லை. அவன் எல்லாக் காசிலும் குத்திக்கொண்டுதான் நிற்கிறான்.

அவள் காசை ஒன்றாம் தட்டில் வைத்தாள்.

கைப்பையில், காணாமற்போனவர்களைப் பதிகிற அரசாங்கக் கந்தோரின் கடிதம் இருந்தது. இன்று மூன்று மணிக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் யோகசீலன் மோதலில் இறந்தார் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கோடுகள். ஒன்று ஏற்றுக்கொள்பவருக்கு, மற்றது சாட்சிக்கு.

மோதலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த அன்று அண்ணன் இராணுவத்தை நோக்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்தான். மூன்று ஆள் பின்னால் அவள். அவனுக்கு வலது கையில் கட்டு. அந்தக் கை பாதி உயரத்துக்கு மேல் போகவில்லை. முழுக்கத் தூக்கச் சொல்லித் துவக்கை நீட்டினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

கை தூக்கியதை வேறு யாராவது கண்டார்களா என்று கந்தோரில் கேட்டார்கள். தங்கச்சி சொல்வது சாட்சியாகாதாம்.

அம்மா கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரு திதி வேண்டும். கண் மூடுவதற்குள் ஒரு திவசமாவது செய்துவிட வேண்டும். காலையிலும் வாசல் படலை வரைக்கும் வந்து அதையேதான் சொல்லி அனுப்பினாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

மதியம் தவனேசன் சேர் வந்தார். பல்கலைக்கழகத்தில் இந்தக் காசு வேலைக்குப் பொறுப்பு அவர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒன்றாம் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

பத்தொன்பது காசுகளைப் பொறுக்கி வெளியே வைத்தார்.

எல்லாம் தேய்ந்தவை. சிப்பாயின் கேடயம் மட்டும் தெரிந்தது. விழுந்தவன் இருந்த இடத்தில் ஒரு மேடு. அந்த மேட்டிலிருந்து பாதி உயரத்துக்கு எழும்பி நின்றுபோன ஒரு கோடு. அது கோடா கீறலா என்று எவராலும் சொல்ல முடியாது.

அவளால் முடிந்தது. பத்தொன்பதிலும் முடிந்தது.

அவர் கோபப்படவில்லை. களைத்துவிட்டீர், வீட்டுக்குப் போய்ப் படும் என்றார். பிறகு காசுகளை ஒவ்வொன்றாக மூன்றாம் தட்டில் போட்டார். ஒவ்வொன்றும் டிக்கென்று விழுந்தது.

“தெரியாததைத் தெரியாது எண்டுதான் எழுதவேணும், பிள்ளை. இதில கை இருக்கெண்டதுக்கு என்ன சாட்சி?”

“நான் கண்டனான், சேர்.”

அவர் ஒரு காசைத் திரும்ப எடுத்தார். கண்ணாடியைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே தேடினார். எங்கே, காட்டும் என்றார்.

அவள் காட்டவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கக் கந்தோருக்குப் போனாள். யன்னலோரம் நின்று கடிதத்தை விரித்தாள். மோதலில் இறந்தார் என்பதைக் குறுக்கே வெட்டினாள். அதற்கு மேலே, காசு அட்டைகளில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில் எழுதினாள்.

வகை ஒன்று. கை தூக்கியவன்.

ஏற்றுக்கொள்பவர் கோட்டை அப்படியே விட்டாள். சாட்சிக் கோட்டில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கீழே கையெழுத்து வைத்தாள்.

உள்ளே இருந்தவர் வாங்கிப் பார்த்தார். இது செல்லாது என்றார்.

தெரியும் என்றாள்.

பஸ்ஸில் யன்னலோர இடம் கிடைத்தது. படலையில் அம்மா நிற்பாள். திதி என்னவென்று கேட்பாள்.