மூன்றாவது இடம்

கணினித் திரையின் அடியில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் செயலிப் படங்களை, வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்தும் அவள் தினமும் தன் கைக்குத் தோதாக அடுக்கிவைக்கிறாள். மறுநாள் காலை பார்த்தால், பஸ்ஸில் முண்டியடித்து சீட் பிடித்தவர்களைப் போல அவை இஷ்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இன்றும் அப்படித்தான். சன்னல் வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. மூன்றாவது இடத்தில் அகராதி இருக்கும் என்ற பழக்கத்தில், பார்க்காமலே அழுத்துகிறாள். பாட்டு பீறிட்டுக் கிளம்புகிறது, கல்யாணமான புதிதில் இருவரும் அலுக்காமல் கேட்ட பாட்டு. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நிற்கிறது. முந்தாநாள் சண்டையிலிருந்து முகங்கொடுத்துப் பேசாத கணவன், கையில் ஈரத் துணியோடு அறை வாசலில் வந்து நிற்கிறான். "சமாதானத்துக்கு இப்படி ஒரு வழியா?" என்கிறான், சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு. "பின்ன, நீங்களா வந்து பேசப்போறீங்க?" என்கிறாள் அவள், கொஞ்சமும் கூசாமல். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் தட்டுகிறான். அவள் படங்களை ஒவ்வொன்றாக இழுத்து அதனதன் இடத்தில் விடுகிறாள். பாட்டுச் செயலியின் படத்துக்கு மேல் வந்ததும் கை நிற்கிறது. அதை மூன்றாவது இடத்திலேயே விட்டுவிட்டு, அகராதியை அதற்கு அடுத்து வைக்கிறாள்.