தண்ணீர் குடித்த பிம்பம்

மூன்று வருடமாக ஒன்பது சேனல்களில் விவாதம் செய்துகொண்டிருந்தது ஹபீபுல்லாவைப் போலவே கணினி உருவாக்கிய அவருடைய பிம்பம்தான். அதை வெளியே சொல்லக் கூடாது என்பது சேனல்களோடு ஒப்பந்தம்.

எதிராளியை மடக்கியதும் ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பது அவருடைய பழைய பழக்கம். ரமலான் மாதத்துப் பிற்பகலில், நேரலையில், பிம்பமும் அப்படியே குடித்தது.

விளம்பர இடைவேளை வந்ததுமே ஜமாஅத் செயலாளர் அழைத்தார். "பாய், ராத்திரி பள்ளிவாசல்ல நோன்பப் பத்திப் பேசப்போறவரு நீங்க. ஊரே பாக்கத் தண்ணி குடிக்கிறீங்களே?"

"உண்மையச் சொன்னா ஒன்பது சேனலும் போயிரும்," என்றார் ஹபீபுல்லா மனைவியிடம்.

"நோன்பு வாயால பொய் சொல்லுவீங்களா?" மெஹரூன் பைக் சாவியை நீட்டினாள்.

பறந்துபோய், நேரலை முடிவதற்குள் அரங்கத்தில் நுழைந்து கேமரா முன் நின்றார். நாக்கு வறண்டிருந்தது. மூன்று வருடம் கழித்து நேரில் வந்து நிற்பது நன்றாகத்தான் இருந்தது.

"தண்ணி குடிச்சது நான் இல்லை. அது என் பிம்பம்."

தன் வீட்டிலிருந்து திரை வழியே வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் திகைத்தார். "அப்ப மூணு வருஷமா எங்கிட்ட சண்டை போட்டது?"

"அதேதான். நானும் உங்கள மாதிரி வீட்லருந்துதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஹபீபுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க வக்கீல் சார். இன்னைக்கி என்ன தலைப்பு?"