கையுறைக்குள் இரண்டு முட்டை

முதலாளி சமையலறைக்குள் வரும்போது, நான் இடது கையுறைக்குள்ளிருந்து இரண்டாவது முட்டையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவித்த முட்டை. கோதோடு.

எண்பத்தாறு ஜனவரி, காலை ஏழு மணி. ரெஸ்ரோரன்றில் நானும் நவரட்ணமும்தான். அவன் வெங்காயம் உரிக்கிறவன், நான் கோப்பை கழுவுகிறவன்.

வெல்லஸ்லியிலிருந்து குயின் தெருவின் மேற்குக் கோடிக்கு அரை மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். அந்தக் குளிர் எந்தக் கையுறையையும் மதிக்காது. கம்பளி, தோல் என்று கடைக்காரன் சொன்னதெல்லாம் பொய். பஸ்ஸை நான் நம்புவதில்லை. புறப்படும்போது இரண்டு முட்டையை அவித்து, புறங்கைக்கு ஒன்றாகச் செருகிவிட்டால், பிறேக் பிடிக்க விரலில் உயிர் இருக்கும். வந்து சேர்ந்ததும் சாப்பிட்டும்விடலாம்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு தாங்களும் செய்வார்கள்.

நவரட்ணம் கண்டுவிட்டான்.

"என்ன அண்ணை, அடைகாக்கிறியளோ?"

முதலாளி சிரிக்கவில்லை. தன் முட்டை குறைகிறது என்று ஒரு மாதமாகக் கத்தித் திரிகிற மனிதர். கள்ளனைப் பிடித்துவிட்ட மாதிரி இங்கிலிஷில் தொடங்கினார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: லெட்டர்.

வேலைக் கடிதம். மனுசியை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே எடுப்பிக்க அது வேண்டும். தருவதாகச் சொல்லியிருந்தார். இனி அது கிடையாதாம் என்றான் நவரட்ணம்.

 நான் விடவில்லை. முதலாளியின் கையைப் பிடித்து முட்டையில் வைத்தேன். சூடு. அதே கையை இழுத்துப்போய் அடுப்பில் வைத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

"அடுப்பு இன்னும் பத்தவைக்கேல்லை. இது வீட்டில அவிச்சது எண்டு சொல்லடா அந்தாளுக்கு."

சொன்னான். முதலாளியின் முகம் சிவந்து போயிற்று. என் தோளில் இரண்டு தரம் தட்டினார்.

மத்தியானத்துக்கு முன்னமே கடிதம் வந்தது. நான் நம்பவில்லை. நவரட்ணத்தை வாசிக்க வைத்தேன். பிறகு, சாப்பிட வந்த ஒரு தமிழ்ப் பெடியனையும் வாசிக்க வைத்தேன். நேர்மையான மனிதர் என்று எழுதியிருக்கிறதாம்.

நாலு மணிக்குக் கடிதத்தை நெஞ்சுப் பைக்குள் வைத்துக் கோட்டைப் பூட்டினேன். ஏரிக் காற்று பின்னேரத்தில்தான் மோசம்.

நவரட்ணம் குப்பை கொட்ட வெளியே போகும்வரை நின்றேன்.

பிறகு, சலாட்டுக்கு முட்டை அவிகிற பானைக்குள் கரண்டியை விட்டு, வழமைபோல இரண்டை எடுத்துக் கையுறைக்குள் போட்டேன்.