சோலைராஜின் நாற்காலி

“எதையும் தொடாதம்மா! சோலைராஜ் வச்சது வச்சபடியே இருக்கணும்” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டினார் லிங்கேஸ்வரன்.

கவிஞர் சோலைராஜ் காலமாகி மூன்று மாதம். நினைவு மலருக்காக அவர் வாழ்ந்த வீட்டைப் படம் எடுக்க, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தார் அவருடைய நண்பர் லிங்கேஸ்வரன். ராஜபாளையத்தில் பெரிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் தனிப் பெருமை. இந்த வீட்டுப் பக்கம் அவர் வந்தே வருஷக்கணக்காகிறது. சோலைராஜ்தான் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்ப்பார்.

“சரிண்ணே” என்று ஒதுங்கி நின்றாள் கவிஞரின் மனைவி சண்முகத்தாய்.

ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்ததும் லிங்கேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுல உக்காந்துதானம்மா அம்புட்டுக் கவிதையும் எழுதுனான்? இதுதான் அட்டைப்படம்!”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, “காப்பி போடவாண்ணே?” என்று முடித்துக்கொண்டாள்.

குனிந்தும் மண்டியிட்டும் படமாக எடுத்துத் தள்ளினார். சுவரில் சாய்த்திருந்த கோரைப்பாய் மட்டும் உறுத்தியது. “அந்தப் பழைய பாயைத் தூக்கி வெளியில போடும்மா. படத்தைக் கெடுக்கு.”

சண்முகத்தாய் பாயைக் கொண்டுபோய்ப் புறவாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

அவர் கேமராவைப் பையில் வைக்கும்போது எதிர்வீட்டு வேல்பாண்டி வந்து நின்றான். “யக்கா, போட்டோ முடிஞ்சிருச்சா? எங்க சேரை எடுத்துக்கிடுதேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கு.”

சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

லிங்கேஸ்வரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னம்மா இது, இரவல் நாற்காலியா? அப்ப அவன் நாற்காலி எங்கே? பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டியா?”

“ஐயோ, அது பத்திரமா இருக்குண்ணே. நாற்காலிதான் அட்டைப்படம்னு போன்ல சொன்னீக. இல்லைன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் இதை வாங்கிப் போட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். “கல்யாணப் பொண்ணை உக்கார வச்சு எடுக்கணும், ரெண்டு நாள்ல தாரேன்னு நீங்கதானே அதைத் தூக்கிட்டுப் போனீக? மாலை போட அவுக படத்தைப் பெருசாக்க உங்க ஸ்டுடியோவுக்கு வந்தப்பகூட நான் அதுலதான் உக்காந்திருந்தேன். அது போன பொறவு, இப்ப வெளியில போடச் சொன்னீகளே, அந்தப் பாயில உக்காந்துதாண்ணே அவுக எழுதுனாக.”