மெட்டி வெள்ளி

"நாலு மணிக்கு போட் வந்துடும் தம்பி. அவர் இந்த வண்டியிலதான் வீட்டுக்கு வரணும்" என்றார் விசாலாட்சி அண்ணி.

அப்போதே மணி ஒன்றரை. பானெட்டைத் திறந்து பார்த்த எனக்குக் கோபமான கோபம்.

பாயிண்ட் தேய்ந்துவிட்டது, மெயின்லேண்டுக்கு எழுதிப் போடுங்கள் என்று ஜம்புலிங்கம் அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. மனிதர் சிரித்துக்கொண்டே பாராடாங் தீவுக்கு, மரம் ஏற்றும் காண்ட்ராக்டைப் பார்க்கப் போய்விட்டார். போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று ஐயா திரும்பும்போது கார் படகுத்துறை ஜெட்டியில் வந்து நிற்க வேண்டுமாம்.

முப்பத்தாறாம் வருஷத்து வண்டி அது. யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. அண்ணன் ஏலத்தில் எடுத்தபோது அதில் கோழிகள் குடியிருந்தன. நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து ஐந்து வருஷத்தில் அதை ஓட வைத்தோம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி படாக் மரத்தில் நான் கடைந்து, மெழுகில் வேகவைத்தது. வயருக்குத் துணி சுற்றி வார்னிஷ் அடித்தது அண்ணி. கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் கிரீஸ் தடவி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தது அண்ணன். கப்பல் எப்போது வருமோ, டாப்புவில், இந்தத் தீவில், எதையும் எறியக் கூடாது என்பார்.

பாயிண்ட் என்பது மிளகு அளவில் இரண்டு வெள்ளிப் பொட்டுகள். தொட்டுத் தொட்டு விலகும். விலகும்போதுதான் எஞ்சினுக்கு நெருப்பு கிடைக்கும். உப்புக் காற்றில் இரண்டும் கரைந்து, அவை இருந்த இடத்தில் கறுப்பாகக் குழிதான் மிச்சம் இருந்தது.

"வெள்ளிக் காசு இருக்கா அண்ணி? ராஜா தலை போட்ட பழைய காசு?"

இருந்ததையெல்லாம் முன்பே பாயிண்டுக்காகத் தேய்த்துத் தீர்த்தது நான்தான். இப்போதைய காசில் வெள்ளி ஏது?

அண்ணி படியில் உட்கார்ந்து குனிந்து, கால்விரலில் சோப்பைத் தடவி மெட்டியை உருவ ஆரம்பித்தார். இருபது வருஷமாக ஏறியிருந்த மெட்டி லேசில் வரவில்லை. விடாமல் திருகித் திருகி இரண்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

எனக்குப் பதறிப்போயிற்று. புருஷன் இருக்கும்போது ஒரு பெண் செய்கிற காரியமா இது!

"என்ன அண்ணி இது? அண்ணன் வந்து என் தோலை உரிச்சுடுவார்!"

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஜல்தி பண்ணு தம்பி."

மனசே இல்லாமல்தான் வெட்டினேன். தட்டினேன், அரத்தால் தேய்த்தேன், பழைய தகட்டிலேயே வைத்து அறைந்தேன். ஒரு காலின் மெட்டி அசையாத பாயிண்ட், மறுகாலின் மெட்டி அசையும் பாயிண்ட். வாய் மட்டும் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குள் அண்ணி பின்சீட்டைக் கழுவித் துடைத்து, மடிப்புக் கலையாத புது வேட்டியை விரித்து, ஒரு தலையணையும் வைத்தார். தலையில் கனகாம்பரம். நெற்றியில் எப்போதையும்விடப் பெரிய குங்குமம்.

"அண்ணன் என்ன புது மாப்பிள்ளையா?" என்று கேட்டேன்.

அண்ணி குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வராத மனிதர்மேல் கோபம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. என்ன சத்தம்! அண்ணன் கேட்டால் குதித்திருப்பார்.

நான்தான் ஓட்டினேன். அண்ணி பின்னால் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திரும்பி வர்றப்ப ஏத்தத்துல நின்னுடாதே தம்பி?"

"நிக்காது அண்ணி. நான் செஞ்ச வேலை."

சற்றுத் தூரம் போனதும் அதையே மறுபடி கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை இன்னும் வேகமாக விட்டேன்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போட் கரையணைந்திருந்தது. அண்ணனைக் கண்டால் எப்போதும் அடிப்பதுபோல ஹாரனை இரண்டு தடவை அடித்தேன்.

யாரும் கையாட்டவில்லை. ஜெட்டியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரம் ஏற்றும் லாரி ஒன்று பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. நாலு பேர் போட்டிலிருந்து தார்ப்பாய் போர்த்திய ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவந்தார்கள். வெளியே தொங்கிய கையில் அண்ணனின் கைக்கடிகாரம்.

அண்ணி இறங்கி நேராக லாரிக்காரனிடம் போனார்.

"லாரி நஹி சாஹியே பாய். ஹமாரா காடி ஹை" என்றார். லாரி வேண்டாமாம், எங்கள் வண்டி இருக்கிறதாம்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

"ராத்திரி நெஞ்சுவலியாம். காலையிலேயே வயர்லெஸ்ல சேதி வந்துருச்சு. சேதி கொண்டுவந்த பியூன்கிட்ட கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன், நாலு மணி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு. சொல்லியிருந்தா என்னை மூலையில உக்காரவச்சு அழ வச்சிருப்பாங்க. அவரை மரக்கட்டையாட்டம் லாரியில கொண்டுவந்திருப்பாங்க."

நான் அவர் காலைப் பார்த்தேன். விரலில் மெட்டி இருந்த இடம் வெளுத்திருந்தது.

"அழாதே தம்பி. பதினாறாம் நாள் அவங்களாக் கழட்டியிருப்பாங்க. நானே அவருக்குக் குடுத்துட்டேன்."

புது வேட்டியில் அண்ணனைக் கிடத்தினோம். அண்ணி பின்னால் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தலையணை கீழே விழுந்து கிடந்தது.

எஞ்சினை நான் அணைத்திருக்கவே இல்லை. கண்ணீரில் பாதை சரியாகத் தெரியாமல்தான் ஓட்டினேன்.

ஏற்றம் முழுக்க வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.